இடுப்பு வலியா? அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்!



அதிகாலைத் தொழுகைக்காக எழுகிறீர்கள். உளூச் செய்யக் குனிகிறீர்கள். திடீரென இடுப்பில் சுரீரென்று ஒரு வலி! நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே கட்டிலுக்கு வந்து சேர்கிறீர்கள். இரண்டு நாட்களில் அவ்வலி இடுப்பை விட்டு இறங்கி, பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் போல் பாய்கிறது. தும்மினால் வலி, இருமினால் வலி, உட்கார்ந்தால் அதைவிட வலி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. "டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது" என்று அறிக்கை வருகிறது.

அவ்வளவுதான்! வீடே கலங்கிப் போகிறது. உம்மா தம் வளையல்களைக் கழற்றி வைக்கிறார். வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகனுக்குத் தகவல் பறக்கிறது. நலம் விசாரிக்க வந்தவர்களுள் ஒருவர், "உடனே ஆபரேஷன் செய்துவிடுங்கள்" என்கிறார். இன்னொருவர், "முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும், வேண்டவே வேண்டாம்" என்கிறார். இவ்விருவரில் யார் சொல்வது சரி?

இது கற்பனையன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலேயே நிகழ்ந்தது. தரையில் அமர்ந்து பல மணி நேரம் பாடம் நடத்திப் பழகிய என்னை இந்த வலி கட்டிலில் தள்ளியது. அன்பின் மிகுதியால் என் வீட்டார் மூன்று வாரங்கள் என்னை எழவே விடவில்லை. வலி குறையவில்லை, கால்கள்தாம் தளர்ந்தன. பின்னர் ஒரு மருத்துவர் என்னை நன்கு பரிசோதித்துவிட்டு, "எழுந்து நடங்கள்" என்றார். எனக்கு அச்சமாக இருந்தது. ஆயினும் நடந்தேன். மூன்றாம் மாதம் பாடசாலைக்குத் திரும்பிவிட்டேன். வளையல்கள் அடகுக்குப் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்!

எனக்குக் கிடைத்த சுகம் எல்லாருக்கும் அவ்வாறே கிடைக்கும் என்று நான் கூற வரவில்லை. ஆனால் இந்த நோயைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்துள்ள செய்திகள் நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தால், வீண் அச்சமும் வீண் செலவும் பெருமளவு குறையும். அதற்காகவே இக்கட்டுரை.

டிஸ்க் என்பது என்ன?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட சிறு எலும்புகளின் கோவையாகும். அவற்றுள் இடுப்புப் பகுதியில் மட்டும் 5 எலும்புகள் உள்ளன. உடலின் மேற்பாதிச் சுமையைத் தாங்குவன இவையே. இவ்வெலும்புகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, இடையிடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகளே டிஸ்க் எனப்படுகின்றன. நம் மக்கள் இதனை 'ஜவ்வு' என்பர். வட்டின் வெளிப்புறம் உறுதியான நார் வளையம். உட்புறம் நீர்ச்சத்து நிறைந்த பசை போன்ற பொருள். வயது ஏற ஏற இந்த நீர்ச்சத்து குறைகிறது; நார் வளையத்திலும் கீறல்கள் விழுகின்றன. அக்கீறல் வழியே உள்ளிருக்கும் பசை பிதுங்கி வெளிவந்து, அருகில் செல்லும் நரம்பின் வேரைத் தொடும்போதுதான் காலுக்கு இறங்கும் அந்தக் கொடிய வலி தோன்றுகிறது. இதனையே 'சயாட்டிக்கா' என்கின்றனர். ஆக, வட்டு தன் இடத்தை விட்டு நழுவி ஓடுவதில்லை, பிதுங்குகிறது. 'விலகிவிட்டது' என்ற சொல்லே நம்மைப் பாதி நோயாளியாக்கி விடுகிறது!

காலுக்கு இறங்கும் வலிக்கு வட்டின் பிதுக்கம் காரணமாகலாம் என்பதை 1934-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் ஆகிய இருவர் தெளிவுற எடுத்துக்காட்டினர். அன்று முதல் அறுவை சிகிச்சை பெருகியது. ஆனால், அறுவை செய்யாமல் விட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் மருத்துவர்கள் பின்னர் கவனிக்கத் தொடங்கினர். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் வலி தானாகவே தணிவதைக் கண்டனர். அதுமட்டுமா? பிதுங்கி வெளிவந்த பசையை உடலே சிறிது சிறிதாகக் கரைத்து உறிஞ்சிக்கொள்வதும் ஸ்கேன்களில் தெரிய வந்தது. பெரிதாக வெளியே வந்த பிதுக்கங்களே பல நேரங்களில் அதிகமாகக் கரைகின்றன என்பது வியப்பூட்டும் செய்தி. படைத்தவன் நம் உடலுக்குள்ளேயே வைத்திருக்கும் பரிகாரம் இது!

ஸ்கேன் தீர்ப்பன்று!

1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் எல்லா வட்டுகளும் குறையின்றி இருந்தவர்கள் 100-க்கு 36 பேர் மட்டுமே! பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு வட்டு புடைத்திருந்தது. அவர்களுக்கோ ஒரு வலியும் இல்லை.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? தலைமுடி நரைப்பது போல் வட்டும் வயதுக்கேற்ப மாறுகிறது. எனவே ஸ்கேனில் தெரியும் ஒவ்வொரு மாற்றமும் நோயன்று. நோயாளியின் வலி, கால் தசையின் வலிமை, தொடு உணர்ச்சி ஆகியவற்றைக் கையால் சோதித்து, அதனோடு ஸ்கேன் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் மருத்துவரின் முடிவே முடிவாகும். அபாய அறிகுறிகள் இல்லாதபோது, வலி தொடங்கிய முதல் வாரத்திலேயே ஸ்கேனுக்கு ஓட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

படுக்கையா? நடையா?

முதுகு வலி என்றால் பலகையிலோ வெறுந்தரையிலோ அசையாமல் கிடக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் நம்பிக்கை. இதனையும் ஆய்ந்து பார்த்துள்ளனர்.

1986-இல் அமெரிக்காவில் முதுகு வலியுற்றோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 2 நாட்களும் மற்றவர்களுக்கு 7 நாட்களும் படுக்கை ஓய்வு கூறினர். நீண்ட ஓய்வால் தனி நன்மை ஏதும் விளையவில்லை. பணிக்குச் செல்லாத நாட்கள்தாம் மிகுந்தன. 1999-இல் நெதர்லாந்து நாட்டில் காலுக்கு இறங்கும் வலியுடைய 183 பேரிடம் இதே வினா எழுப்பப்பட்டது. இரண்டு வாரம் படுத்திருந்தோர், இயன்றவரை நடமாடியோர் ஆகிய இரு சாராரிலும் 12 வாரங்களுக்குப் பின் 100-க்கு 87 பேர் குணமடைந்து வந்தனர். படுத்துக் கிடந்ததால் கூடுதலாகக் கிடைத்தது ஒன்றுமில்லை.

ஆகவே வலி கடுமையாக உள்ள முதல் ஓரிரு நாட்கள் வேண்டுமானால் படுங்கள். பிறகு, வீட்டுக்குள்ளேயே ஆயினும் சரி, ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நடக்கத் தொடங்குங்கள். மெத்தையைப் பற்றியும் ஒரு சொல்: 2003-இல் ஸ்பெயின் நாட்டில் 313 பேரிடம் நடந்த ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே நீடித்த முதுகு வலிக்கு நலம் பயத்தது. வெறுந்தரையில் கிடந்து உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை! மல்லாந்து படுக்கையில் முழங்கால்களுக்கு அடியிலும், ஒருக்களித்துப் படுக்கையில் இரு முழங்கால்களுக்கு இடையிலும் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் பலருக்கு இதமாயிருக்கும்.

உடற்பயிற்சி எனும் மருந்து

1956-ஆம் ஆண்டு. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்ஸி என்னும் இயன்முறை மருத்துவரிடம் கால் வலியுடன் ஒருவர் வந்தார். உள்ளறையில் சென்று படுக்குமாறு அவரிடம் கூறிவிட்டு மெக்கென்ஸி வேறு பணியில் இருந்தார். அங்கிருந்த சிகிச்சை மேசையின் ஒரு முனை முந்தைய நோயாளிக்காக உயர்த்தப்பட்டிருந்தது. இவரோ அதைக் கவனியாமல் குப்புறப் படுத்து, முதுகு பின்னோக்கி வளைந்த நிலையிலேயே கிடந்தார். திரும்பி வந்த மெக்கென்ஸி பதறிப்போனார். ஆனால் நோயாளியோ கால் வலி போய்விட்டதாகக் கூறினார்! இந்நிகழ்ச்சியே இன்று உலகெங்கும் வழங்கும் மெக்கென்ஸி முறைக்கு வித்திட்டது.

இம்முறையின் சாரம் எளிது. எந்தப் பக்கம் உடலை வளைத்தால் காலில் இருக்கும் வலி மேலேறி இடுப்பில் ஒடுங்குகிறதோ, அந்தப் பக்கமே நமக்கு ஏற்ற பக்கம். எந்த அசைவால் வலி இன்னும் கீழிறங்குகிறதோ அதனை விட்டுவிட வேண்டும். பலருக்குக் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்தும் பயிற்சி ஒத்துவரும். நரம்புப் பாதை குறுகிய முதியவர்கள் சிலருக்கு இதுவே வலியைக் கூட்டும். முன்னோக்கிக் குனிவதே அவர்களுக்குச் சுகம் தரும். ஆகவேதான் அடுத்த வீட்டுக்காரரின் பயிற்சி உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஒரு தேர்ந்த இயன்முறை மருத்துவரிடம் உங்கள் உடலுக்குரியதைக் கேட்டறிந்துகொண்டு, அதனை நாள்தோறும் வீட்டிலேயே செய்து வாருங்கள். வயிறு, முதுகு, புட்டம் ஆகியவற்றின் தசைகள் வலுப்பெற்றால் முதுகெலும்பின் சுமையில் அவையும் பங்கேற்கும்.

நடையோ காசு கேளாத மருந்து. ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடந்து, 2024-இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். நடைப்பயிற்சியும் அதற்கான அறிவுரையும் பெற்றவர்களுக்கு வலி மீண்டும் வரச் சராசரியாக 208 நாட்கள் ஆயின. பெறாதவர்களுக்கு 112 நாட்களிலேயே வந்துவிட்டது.

நம் பெண்களுக்கு நடக்க இடமேது என்று கேட்கலாம். மொட்டை மாடி இல்லையா? வீட்டு முற்றம் இல்லையா? மாலையில் ஒருவருக்கொருவர் துணையாகத் தெருவில் நடந்தால் யார் தடுப்பார்? அந்த அரைமணி நேரம் சமையலறையை ஆண்கள் பார்த்துக்கொண்டால் குறைந்துவிடுவோமா?

மாத்திரை, பெல்ட், ஊசி

வலி மிகுந்த நாட்களில் இபுபுரோஃபென், டைக்லோஃபெனாக், நாப்ராக்ஸென் போன்ற மாத்திரைகள் உதவுகின்றன. ஆனால் அவை வலியைத் தணிப்பனவே தவிர வட்டைச் சரிசெய்வன அல்ல. நீண்ட நாள் தொடர்ந்தால் வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் ஆகியன நேரலாம். சிறுநீரக நோய், இதய நோய், குடற்புண் உடையவர்களும் கர்ப்பிணிகளும் மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி உண்பது பெரும் ஆபத்து. உணவுக்குப் பின்னரே உண்ணுங்கள். நோன்பு மாதத்தில் இதனை மறவாதீர்கள். நரம்பு வலிக்கென்று தரப்படும் பிரிகாபலின், சயாட்டிக்கா வலியில் வெற்று மாத்திரையைவிடச் சிறந்த பலன் தரவில்லை என்றும், தலைச்சுற்றல் போன்ற தொல்லைகள் மிகுந்தன என்றும் 2017-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. ஏற்கெனவே உண்பவர்கள் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

'ஒரே பொட்டலத்தில் வலி பறந்துவிடும்' என்று பெயரும் முகவரியும் இல்லாமல் விற்கப்படும் பொடிகளை நம்பாதீர்கள். அத்தகையவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதுண்டு. முதலில் சுகம் தோன்றும். பின்னர் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் பொதுவான இடுப்பு வலிக்கு அறுவையல்லாத சிகிச்சை பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது. 2020-இல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் துன்புற்றனர் என்பது அந்நிறுவனம் தரும் கணக்கு. நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, பிடித்துவிடுதல், மனத்தின் அச்சத்தைப் போக்கும் ஆலோசனை, தேவையானால் மேற்சொன்ன வகை வலி மாத்திரைகள் ஆகியவற்றை அவ்வழிகாட்டி ஏற்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் 'டிராக்ஷன்' சிகிச்சையையும், அபின் வகை வலி மருந்துகளையும் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. மாதக்கணக்கில் பெல்ட் அணிந்து, அதைக் கழற்றவே அஞ்சும் சகோதரர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நரம்பு வேரின் அருகே போடப்படும் ஸ்டீராய்டு ஊசி, காலுக்கு இறங்கும் வலியைச் சில வாரங்களுக்குத் தணிக்கக்கூடும். அது நிலையான தீர்வன்று. வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். ஆனால் சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் தோல் வெந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹிஜாமா செய்துகொள்ள விரும்புவோர், பயிற்சி பெற்றவரிடம், ஒருவருக்கு ஒருமுறையே பயன்படும் பிளேடும் குப்பியும் கொண்டு மட்டுமே செய்துகொள்ளுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் செய்துகொள்ளலாகாது. இடுப்பை முறுக்கி 'சடக்' எனச் சொடுக்கெடுப்போரிடம், காலில் மரப்போ பலவீனமோ உள்ள நிலையில் செல்லவே வேண்டாம்.

வெட்கம் இங்கே வேண்டாம்!

இதுவரை பொறுமையைப் பற்றி எழுதினேன். இனி, பொறுமை கூடாத இடத்தைப் பற்றி எழுதுகிறேன். இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை மறவாதீர்கள்.

சிறுநீர் கழிக்க முடியாமற் போதல், அல்லது கட்டுப்பாடின்றிப் போதல். மலம் தன்னையறியாமல் வெளியேறுதல். மர்ம உறுப்பையும் மலவாயையும் சுற்றி மரத்துப் போதல். இரு கால்களும் ஒருசேர வலுவிழத்தல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும், அது முதுகெலும்பின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே, அந்த மணியே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இங்கு அறுவை சிகிச்சைதான் மருந்து. காலம் கடந்தால் இழந்தது திரும்பாமற் போகலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தாயொருவர் இரண்டு நாட்கள் சிறுநீர் சரியாக வெளியேறாததை மகனிடம் கூற வெட்கப்பட்டு மறைத்துவிட்டார். மூன்றாம் நாள் மருமகள் தற்செயலாக அறிந்து அழைத்துச் சென்றாள். நடை திரும்பியது, ஆனால் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் முழுமையாகத் திரும்பவில்லை. நாணம் ஈமானின் ஒரு கிளை என்று நாம் போற்றுகிறோம். ஆனால் நோயை மருத்துவரிடம் மறைப்பது நாணமாகாது. மகனிடம் சொல்ல இயலாததை மகளிடம் சொல்லுங்கள், மருமகளிடம் சொல்லுங்கள், பெண் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆண்களே, உங்கள் உம்மாவுக்கோ மனைவிக்கோ முதுகு வலி என்றால், "சிறுநீர் சரியாகப் போகிறதா?" என்று கேட்க வீட்டுப் பெண்களிடம் சொல்லி வையுங்கள்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தட்டுதல். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகு வலி. முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி. விழுந்தபின் முதியவருக்கு வரும் வலி. இவற்றையும் தாமதியாது காட்ட வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்பைக் காசநோய் தாக்குவதும் உண்டு. அதனை 'வாய்வு' என்றெண்ணி எண்ணெய் தேய்த்துக் காலங்கடத்தலாகாது. உரிய மாத்திரைகளால் குணமாகும் நோய் அது.

அறுவை எப்போது?

மேற்சொன்ன அபாயம் ஏதுமின்றி, ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகியும் கால் வலி கடுமையாக நீடித்தால் என்ன செய்வது? நெதர்லாந்து நாட்டில் இந்நிலையிலிருந்த 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு விரைந்து அறுவை செய்தனர். மற்றவர்களைக் காத்திருக்கச் செய்தனர். 2007-இல் வெளிவந்த அதன் முடிவு இது: அறுவை செய்தோருக்கு வலி விரைவில் நீங்கியது. காத்திருந்தோருள் 100-க்கு 39 பேர் வலி தாளாமல் பின்னர் அறுவைக்கு வந்தனர். ஏனையோர் அறுவையின்றியே இருந்தனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 100-க்கு 95 பேர் குணமடைந்திருந்தனர்!

ஆகவே அறுவை என்பது பகையும் அன்று, கட்டாயமும் அன்று. வலியை விரைவில் போக்க ஒரு வழி, அவ்வளவே. காத்திருக்க இயலுமா என்பதை நோயாளியே, மருத்துவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். ஐயமிருந்தால் இரண்டாவது மருத்துவரிடமும் கேளுங்கள், அது அவமதிப்பாகாது.

அன்றாட வாழ்வில்...

தண்ணீர்க் குடத்தையோ பிரியாணி தேக்சாவையோ தூக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். சுமையுடன் இடுப்பைத் திருப்பாதீர்கள். தையல் இயந்திரத்தின் முன்பும், பீடித் தட்டின் முன்பும், கடைக் கல்லாவிலும் மணிக்கணக்கில் அமர்பவர்கள் அரைமணிக்கொருமுறை எழுந்து நான்கடி நடவுங்கள். உடற்பருமனைக் குறையுங்கள். புகைப்பழக்கம் வட்டையும் கெடுக்கிறது என்பதை அறிந்து அதனைக் கைவிடுங்கள்.

தொழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமரவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. வலியின் உச்சத்தில் ஸுஜூதுக்காக உடலை வருத்திக்கொண்டு நோயை முற்றவிட வேண்டாம். அதேபோல், குணமான பின்னும் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதை ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள்.

வாசகர்களே! அந்த ஸ்கேன் அறிக்கை உங்கள் வீட்டுக்கு ஒருநாள் வந்தால், கலங்காதீர்கள். முதலில் அபாய அறிகுறி உண்டா என்று பாருங்கள். இருந்தால் ஓடுங்கள். இல்லையேல் மருத்துவர் சொற்படி நடங்கள். ஆம், எழுந்து நடங்கள்! உம்மாவின் வளையல்கள் அவர் கைகளிலேயே இருக்கட்டும்.

வல்ல இறைவன் நம் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.